‘வெயில் சதம் அடித்தது’ போதும் சார், ‘ஓரிரு இடங்களில்’னா எத்தனை இடம்னு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை ஆரம்பிச்சதுலேருந்து உங்க பேப்பர்ல வர்ற வானிலை செய்திய விடாம படிச்சிட்டு வர்றேன். ஒரே நாள் பேப்பர்ல முதல் பக்கத்துல ‘இந்த ஆண்டு கோடை கொளுத்தும்’னு ஒரு தலைப்பு, அஞ்சாம் பக்கத்துல ‘எட்டு மாவட்டங்களில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு’ன்னு இன்னொரு தலைப்பு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரி விளக்கம் கூட கிடையாது. டீக்கடையில இத படிக்கிறவங்க “வெயிலும்ங்கிறான் மழையும்ங்கிறான், ஏதாவது ஒண்ணு நடந்துதானே ஆகணும்”னு சிரிச்சிட்டு சினிமா பக்கத்துக்கு போயிடறாங்க. வானிலை மையம் சொன்னதுல தப்பில்ல சார், ரெண்டுமே சரிதான், ஒண்ணு மூணு மாசத்த பத்தினது, இன்னொண்ணு நாளைக்கு சாயங்காலத்த பத்தினது. அத பிரிச்சு சொல்ல வேண்டிய எடத்துல பிரிச்சு சொல்லாததுதான் பிரச்சனை, அத நீங்க நெனச்சா சரி பண்ணலாம்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன், வெட்டி போட்டாலும் பரவால்ல.

மொதல்ல அந்த ‘கோடை கொளுத்தும்’ செய்தி. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிப்ரவரி கடைசி வாக்குல மார்ச், ஏப்ரல், மே மூணு மாசத்துக்கும் சேர்த்து ஒரு கண்ணோட்டம் வெளியிடும், அப்புறம் மார்ச் கடைசியில ஏப்ரல்லேருந்து ஜூன் வரைக்கும் இன்னொண்ணு. அதுல என்ன இருக்கும்னா, இந்த பகுதியில சராசரி வெப்பநிலை இயல்பை விட, அதாவது பல வருஷ சராசரிய விட, கூடுதலா இருக்க இத்தனை சதவீதம் வாய்ப்பு, இயல்பா இருக்க இத்தனை, கொறைவா இருக்க இத்தனைன்னு மூணா பிரிச்சு போட்டிருப்பாங்க. ஒண்ணுமே தெரியாம கண்ண மூடிட்டு சொன்னாலும் ஒவ்வொண்ணுக்கும் 33 சதவீதம் வரும். அது 50ன்னு போட்டிருந்தா ‘கூடுதலா இருக்க வாய்ப்பு கொஞ்சம் ஏறியிருக்கு, பாதிக்கு பாதி அப்படி ஆகாமலும் போகலாம்’னு அர்த்தம். அத நீங்க ‘கொளுத்தும்’னு போட்டா அந்த இன்னொரு பாதி எங்க போச்சு? தலைப்புல எடம் இல்லன்னா உள்ள ரெண்டாவது பாராவுலயாவது அந்த சதவீதத்த போடலாமே.

இன்னொரு விஷயம், அது மூணு மாச சராசரி. சராசரி கூடுதலா இருக்குன்னா தெனமும் கொளுத்தும்னு இல்ல. பத்து நாள் நல்லா காஞ்சு, நடுவுல நாலு நாள் மழை பெஞ்சு குளுந்து, மறுபடி காஞ்சாலும் கணக்கு பாத்தா கூடுதல்னுதான் வரும். மழையும் அப்படித்தான். தமிழ்நாட்டுக்கு மார்ச்லேருந்து மே வரைக்கும் இயல்பான மழை சுமார் 125 மில்லிமீட்டர், வருஷம் முழுக்க பெய்யற சுமார் 920 மில்லிமீட்டர்ல இது ஒரு சின்ன துண்டு. இவ்ளோ கம்மியான அளவுங்கறதால ஒரு ஊர்ல ரெண்டு பெரிய இடி மழை பெஞ்சாலே அந்த ஊரோட கோடை கணக்கு முடிஞ்சிடும், மத்த எண்பது தொண்ணூறு நாளும் வானம் வெறிச்சுனு கெடந்தாலும் பேப்பர்ல ‘இயல்பான கோடை மழை’ன்னு வரும். 2024ல நடந்தத நெனச்சு பாருங்க, மார்ச் ஏப்ரல் முழுக்க மழைங்கற பேச்சே இல்ல, ஈரோடு கரூர் பக்கம்லாம் வறுத்து எடுத்துச்சு, அப்புறம் மே பாதியில தென் மாவட்டங்கள்ல திடீர்னு கொட்டி, மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்துல காட்டாறு மாதிரி தண்ணி வந்து குளிச்சிட்டிருந்த ஒரு பையன அடிச்சிட்டு போச்சு. ஒரே கோடை, ஒரே மாநிலம். அந்த வருஷத்த ‘வறண்ட கோடை’ன்னு சொல்றதா ‘மழை கோடை’ன்னு சொல்றதா? அந்தந்த வாரத்துக்கு தனித்தனியா சொன்னாத்தான் புரியும்.

இந்த ‘வெப்பச்சலனம் காரணமாக’ன்னு ஒரு வார்த்தைய வருஷா வருஷம் போட்டுட்டே இருக்கீங்க, அது என்னன்னு ஒரு நாளாவது விளக்கினதா எனக்கு ஞாபகம் இல்ல. பள்ளிக்கூட பிள்ளைங்க படிக்கிற பேப்பர், ஒரு கால் பக்கம் ஒதுக்கலாம். எனக்கு தெரிஞ்சத சொல்றேன். காலையிலேருந்து வெயில் அடிச்சு தரை சூடாகும், தரைய ஒட்டின காத்தும் சூடாகி லேசாகி மேல ஏறும். அந்த காத்துல ஈரம் இல்லன்னா மேல போய் ஒண்ணும் ஆகாது, வெறும் புழுதிதான். ஈரம் இருந்தா மேல போக போக குளுந்து மேகமாகும், மேகமாகறப்போ அந்த நீராவி தனக்குள்ள வெச்சிருந்த சூட்ட வெளிய விடும், அந்த சூட்டுல காத்து இன்னும் வேகமா மேல ஏறும், இப்படி ஏறி ஏறி பத்து பன்னெண்டு கிலோமீட்டர், சில நேரம் அதுக்கும் மேல ஒசந்து நிக்கிற கோபுர மேகமாயிடும். மதியம் ரெண்டு மணிக்கு மேல மேற்கால பாத்தா தலை பரந்து வெள்ளையா நிக்குமே அதுதான். அது தாங்க முடியாத அளவுக்கு தண்ணி சேந்ததும் கொட்ட ஆரம்பிக்கும், கொட்டறப்போ உள்ளேருந்து குளுந்த காத்து கீழ வந்து மோதி நாலா பக்கமும் சீறும். மழைக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி தகரம்லாம் பறக்கறது அதனாலதான். அதிகம் போனா முக்கால் மணி ஒரு மணி நேரம், கதை முடிஞ்சிடும்.

ஆக வெயில்தான் இந்த மழைக்கு எரிபொருளே. நல்ல வெயில் அடிச்ச அன்னிக்கு சாயங்காலம் மழை வந்தா அதுல முரண்பாடு எங்க இருக்கு? ஆனா வெயில் மட்டும் போதாது, ஈரமும் வேணும். அதுக்குத்தான் அறிக்கையில ‘கிழக்கு திசை காற்றும் மேற்கு திசை காற்றும் சந்திக்கும் பகுதி’ன்னு ஒரு வரி வரும், அதையும் அப்படியே ஒட்டி போட்டுடறீங்க. வங்கக்கடல் பக்கமிருந்து ஈரக்காத்து ஒரு பக்கம், நிலத்துலேருந்து காஞ்ச காத்து ஒரு பக்கம், ரெண்டும் மோதற கோடு மகாராஷ்டிராவோட மராத்வாடா பகுதி, உள் கர்நாடகம் வழியா நம்ம தெற்கு மாவட்டம் வரைக்கும் நீண்டு கெடக்கும். அந்த கோடு இன்னிக்கு எங்க இருக்கோ அத ஒட்டி மழை, நாளைக்கு அது கொஞ்சம் நகந்தா மழையும் நகரும். மேற்கு தொடர்ச்சி மலை பக்கம் காத்து மலையில முட்டி மேல ஏற வசதி இருக்கறதால அங்க மழை சீக்கிரம் ஆரம்பிக்குது. நீலகிரி, தேனி, திண்டுக்கல், தென்காசின்னு அதே மாவட்டங்க பேர் தெனமும் அறிக்கையில வர்றது அதனாலதான். அத பாத்துட்டு ‘அங்க மட்டும்தான் மழையா, எங்கள கண்ணுக்கு தெரியலையா’ன்னு வடக்கு மாவட்டத்து ஆளுங்க கோவப்படறாங்க, கோவப்பட்டு என்ன பண்றது.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். ‘ஓரிரு இடங்களில்’. இத ஏதோ ஜோசியக்காரர் மழுப்பற மாதிரி எல்லாரும் கிண்டல் பண்றாங்க, ஆனா இதுக்கு பின்னாடி சரியான கணக்கு இருக்கு. ஒரு பகுதியில இருக்கற மழை அளக்கற நிலையங்கள்ல கால்வாசிக்குள்ள மழை பதிவாகும்னு எதிர்பாத்தா ‘ஓரிரு இடங்களில்’, 26லேருந்து 50 சதவீத நிலையம்னா ‘ஒருசில இடங்களில்’, 51லேருந்து 75ன்னா ‘பல இடங்களில்’, அதுக்கும் மேலன்னா ‘பெரும்பாலான இடங்களில்’. அவ்ளோதான். அப்போ ‘ஓரிரு இடங்களில் மழை’ன்னு வந்தா நாலுல மூணு பங்கு எடத்துல மழை இல்லன்னுதான் அந்த அறிக்கையே சொல்லுது! நம்ம தெருவுல மழை பெய்யலன்னா முன்னறிவிப்பு பொய்யாயிடல, பக்கத்து ஊர்ல பெஞ்சிருந்தா அது பலிச்சிருக்கு. இத ஒரு சின்ன பெட்டிக்குள்ள நாலு வரியில தெனமும் போட்டா, ரெண்டே மாசத்துல உங்க வாசகர்களுக்கு மனப்பாடம் ஆயிடும். அத விட்டுட்டு நிருபர் ‘ஓரிரு இடங்களில்’ங்கறத தூக்கிட்டு ‘எட்டு மாவட்டங்களில் மழை’ன்னு எழுதறப்போ கால்வாசி எடம் முழு மாவட்டமா மாறிடுது, மறுநாள் மழை வரலன்னா திட்டு மட்டும் வானிலை மையத்துக்கு. இது நியாயமா?

ஏன் எந்த ஊர்னு அடிச்சு சொல்ல மாட்டேங்கிறாங்கன்னும் கேக்கறாங்க. கொதிக்கற சோத்துப்பானையில கொதி வரும்னு உறுதியா சொல்லலாம், அடுத்த குமிழ் எந்த எடத்துல கெளம்பும்னு யாராவது சொல்ல முடியுமா? அந்த இடி மேகம் அஞ்சு பத்து கிலோமீட்டர் அகலம்தான், அது பொறந்து வளந்து சாகறதே ஒரு மணி நேரத்துல, அத மொத நாள் ராத்திரியே ஊர் பேரோட சொல்ற வித்த உலகத்துல எங்கயும் இன்னும் வரல. ஆனா மேகம் உருவாக ஆரம்பிச்சதும் ரேடார்ல தெரிஞ்சிடும். அதனாலதான் அடுத்த மூணு மணி நேரத்துக்குன்னு தனியா ஒரு எச்சரிக்கை விடறாங்க, மாவட்டம் மாவட்டமா. அதுதான் கோடை மழைக்கு நெஜமா உபயோகமான அறிவிப்பு. அச்சு பேப்பர்ல அத கொண்டுவர முடியாதுங்கறது எனக்கு புரியுது, ஆனா அப்படி ஒண்ணு இருக்கு, போன்ல மௌசம், டாமினி மாதிரி ஆப்ல இலவசமா பாத்துக்கலாம்னு எழுதலாம்ல? சென்னை, காரைக்கால் ரேடார் ரெண்டும் கடலோரத்துல இருக்கு, புயலுக்கு அது தோது, கோடை இடி மழையோ உள் மாவட்டத்துலதான் கெளம்புது. உள் மாவட்டத்துக்கு ரேடார் விஷயம் என்ன ஆச்சுன்னு உங்க நிருபர் ஒருத்தர் கேட்டு எழுதினா நான் முதல் ஆளா படிப்பேன்.

மழை அளவு போடறதுலயும் கொழப்பம். ஒரு நாள் செ.மீ., இன்னொரு நாள் மி.மீ., அஞ்சாம் பக்கத்துல ஒண்ணு மாவட்ட பக்கத்துல ஒண்ணு. நேத்து ராத்திரி பெஞ்ச மழை இன்னிக்கு காலையில எட்டரை மணி வரைக்குமான கணக்குல வரும், ஏன்னா அளவெடுக்கறதே காலை எட்டரையிலேருந்து மறுநாள் எட்டரை வரைக்கும்தான், அது பேப்பர்ல வர்றதுக்கு இன்னும் ஒரு நாள் ஆயிடுது. தேதி போடாததால எந்த மழைய சொல்றாங்கன்னே தெரியாம ‘எங்க ஊர்ல நேத்து மழையே இல்லையே’ன்னு சண்டை. அப்புறம் ‘மிதமான மழை’ங்கறீங்க, அது லேசான தூறல்னு நெறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க. 15.6 மில்லிமீட்டர்லேருந்து 64.4 வரைக்கும் மிதமான மழைதான், அதாவது ஆறு சென்டிமீட்டர் கொட்டினாலும் மிதம். ஏழு தொட்டா கனமழை, பன்னெண்டு தொட்டா மிக கனமழை, இருபதுக்கு மேல போனா அதி கனமழை. ஒரு சென்டிமீட்டர் மழைன்னா ஒரு ஏக்கர்ல நாப்பதாயிரம் லிட்டர் தண்ணி விழுந்திருக்குன்னு அர்த்தம். வெவசாயிக்கு இந்த கணக்கு நல்லா புரியும், ‘மிதமான’ங்கறதுல என்ன புரியும்?

வெயிலுக்கு வருவோம். ‘எட்டு ஊர்களில் வெயில் சதம்’. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. எனக்கு இந்த தலைப்பு மேல தனிப்பட்ட கோவமே உண்டுன்னு வெச்சுக்கோங்க. வானிலை மையம் கொடுக்கறது செல்சியஸ், நீங்க அத ஃபாரன்ஹீட்டுக்கு மாத்தி நூறு தாண்டிச்சான்னு பாத்து போடறீங்க, ஏன்னா நூறுன்னா தலைப்புக்கு அழகு. நூறு டிகிரி ஃபாரன்ஹீட்ங்கறது 37.8 செல்சியஸ். வேலூர், திருச்சி, கரூர் பரமத்தி மாதிரி ஊர்ல ஏப்ரல் கடைசியில அது சாதாரண நாள். செய்தியே இல்ல. ஆனா அதே 37.8 ஒரு கடலோர ஊர்ல ஏப்ரல் ஆரம்பத்துல வந்தா அது பெரிய செய்தி, மலையில வந்தா கேக்கவே வேணாம். உங்க சத பட்டியல்ல எல்லாம் ஒரே வரிசையில நிக்குது. அதே பக்கத்துல முன்னறிவிப்பு மட்டும் ‘2 முதல் 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கும்’னு வருது. 102ல மூணு கூட்டி 105ன்னு கணக்கு போடறவங்கள நானே பாத்திருக்கேன். மூணு செல்சியஸ் கூடினா ஃபாரன்ஹீட்ல 5.4 கூடும் சார். ஏதாவது ஒரு அளவுல நில்லுங்க, செல்சியஸ்லயே நின்னா நல்லது, பக்கத்துல அந்த ஊரோட அன்னிக்கு இயல்பு எவ்ளோன்னு ஒரு எண் போடுங்க. இயல்பு தெரியாம வெயில் எண்ண மட்டும் வெச்சுட்டு யாரும் எதையும் முடிவு பண்ண முடியாது.

‘வெப்ப அலை’ன்னு எந்த நாளுக்கு சொல்றதுன்னும் விதிமுறை இருக்கு, உங்க தலைப்புல வர்ற எல்லா வெயிலும் வெப்ப அலை இல்ல. சமவெளியில குறைஞ்சது 40 டிகிரி தொடணும், கடலோரத்துல 37, மலையில 30, அதோட இயல்ப விட நாலரை டிகிரியாவது கூடியிருக்கணும். 6.4க்கு மேல கூடினா தீவிர வெப்ப அலை. இயல்பு என்னவா இருந்தாலும் 45 தொட்டுட்டா அதுவும் வெப்ப அலைதான். குறைஞ்சது ரெண்டு நிலையத்துல, ரெண்டு நாள் தொடர்ந்து இருக்கணும். சென்னை நுங்கம்பாக்கத்துல 2003 மே 31ஆம் தேதி 45 டிகிரி பதிவாச்சே, அது இந்த ரகம். மே மாசத்துல மேற்கு காத்து பலமா அடிச்சு கடல் காத்த உள்ள விடாம தள்ளிட்டே இருந்தா அப்படித்தான் ஆகும், கடல் காத்து மதியம் பன்னெண்டு மணிக்கு நொழைஞ்சா 37, மூணு மணி ஆகியும் வரலன்னா 41, 42. கடலோரத்து ஆளுங்களுக்கு அன்னன்னிக்கு வெயிலோட தலையெழுத்தே கடல் காத்து எத்தன மணிக்கு வருதுங்கறதுலதான் இருக்கு, அத பத்தி ஒரு வரி கூட பேப்பர்ல வந்து நான் பாத்ததில்ல.

இதுல இன்னொரு ஓட்டை இருக்கு. நாகப்பட்டினத்துல 36 டிகிரி, காத்துல ஈரப்பதம் எக்கச்சக்கம், வேர்வை காயவே காயாது, ஒடம்பு சூட்ட வெளிய தள்ள வழியில்லாம தவிக்கும், ஆனா அளவுகோல் படி அது வெப்ப அலை இல்ல, சத பட்டியல்லயும் வராது. வேலூர்ல 40, காஞ்ச காத்து, நெழல்ல நின்னா கொஞ்சம் தாங்கலாம், அது சதம் அடிச்சிடும். ரெண்டுல எது ஒடம்புக்கு கெடுதல்னு நெஞ்ச தொட்டு சொல்லுங்க. அந்த டிகிரிய அளக்கறதும் வெயில்ல வெச்சு இல்ல, தரைக்கு மேல ஒரு ஆள் மார்பு ஒசரத்துல காத்தோட்டமான வெள்ளை பெட்டிக்குள்ள, நெழல்ல. தார் ரோட்டுல நிக்கிற டிராஃபிக் போலீஸ்காரருக்கும் கொத்தனாருக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால ஈரப்பதத்தையும் போடுங்க, ராத்திரி குறைஞ்சபட்ச வெப்பநிலையையும் போடுங்க. ராத்திரி 30க்கு கீழ எறங்கலன்னா பகல்ல பட்ட சூட்டுலேருந்து ஒடம்பு தேறவே தேறாது, வயசானவங்களுக்கும் ஓட்டு வீடு, ஷீட் வீட்டுல இருக்கறவங்களுக்கும் அதுதான் ஆபத்து, ஆனா அந்த எண்ணுக்கு இன்னிக்கு வரைக்கும் தலைப்பு கெடைச்சதில்ல. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசே வெப்ப அலைய மாநில பேரிடரா அறிவிச்சாச்சு, இன்னும் நாம சதம் எண்ணிட்டிருக்கோம்.

கத்திரி வெயில் பத்தி சுருக்கமா. சூரியன் பரணி மூணாம் பாதத்துலேருந்து ரோகிணி முதல் பாதம் வரைக்கும் இருக்கற நாள்னு பஞ்சாங்கம் சொல்லுது, மே 4 வாக்குல ஆரம்பிச்சு 28, 29 வரைக்கும். நம்ம தாத்தா பாட்டி அனுபவத்துல வந்த கணக்கு, அதுல எனக்கு மரியாதை உண்டு, பெரும்பாலான வருஷம் ஓரளவு ஒத்தும் போகுது. ஆனா அது காலண்டர், முன்னறிவிப்பு கெடையாது. 2025ல கேரளாவுல தென்மேற்கு பருவமழை மே 24ஆம் தேதியே எறங்கிடுச்சு, வழக்கமா ஜூன் 1, அந்த வருஷம் கத்திரி முடியறதுக்குள்ள பருவமழையே வந்துடுச்சு. அதுக்கு நேர்மாறா சில வருஷம் கத்திரிக்கு முன்னாடி ஏப்ரல்லயே உச்சம் தொட்டுடுது. துப்பட்டாவ தலையில போட்டுட்டு போற காலேஜ் பொண்ணு படம், ‘இன்று தொடங்கியது அக்னி நட்சத்திரம்’னு தலைப்பு, இத மட்டும் போட்டுட்டு அந்த வாரத்துக்கு உண்மையான முன்னறிவிப்பு என்னன்னு போடாம விடறதுதான் எனக்கு ஒறுத்துது.

அடுத்தது மின்னல். இத நீங்க செத்தவங்க செய்தியா மட்டும்தான் போடறீங்க. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குல 2022ல மட்டும் நாடு முழுக்க 2,887 பேர் மின்னல் தாக்கி செத்திருக்காங்க. பெரும்பாலும் வயக்காட்டுல, ஆடு மாடு மேய்க்கற எடத்துல, மரத்தடியில. கோடை மழையில மின்னல்தான் மொத வில்லன், மழை ஒரு சொட்டு விழறதுக்கு முன்னாடியே மின்னல் அடிக்கும், மேகம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அடிக்கும். மின்னல் பாத்து முப்பது எண்றதுக்குள்ள இடி சத்தம் கேட்டா அது உங்கள தொடற தூரத்துல இருக்கு, ஒடனே கட்டடத்துக்குள்ள போகணும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளிய வரக்கூடாது, ஒத்தை மரத்தடியில ஒதுங்கவே கூடாது. இத மஞ்சள் அலர்ட் வர்ற அன்னிக்கெல்லாம் மூணு வரியா போட்டா என்ன கொறஞ்சிடப்போகுது. அந்த மஞ்சள், ஆரஞ்சு, ரெட் கூட மழை அளவ மட்டும் காட்டறதுன்னு நெனச்சிட்டிருக்கோம், அது எவ்ளோ பாதிப்பு வரலாம், எவ்ளோ வாய்ப்புங்கறத சேத்து பாத்து கொடுக்கற நெறம். மஞ்சள்னா கவனமா பாத்துட்டு இருங்க, ஆரஞ்சுன்னா தயாரா இருங்க, ரெட்ன்னா நடவடிக்கை எடுங்க. சேனல்காரங்க மஞ்சளுக்கே ஸ்கிரீன் முழுக்க சிவப்பாக்கி கத்தறாங்க, நீங்களாவது நிதானமா போடுங்க.

காத்து பத்தியும் சொல்லிடறேன். அறிக்கையில ‘மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று’ன்னு ஒரு துண்டு வரும், எடம் பத்தலன்னா மொதல்ல நீங்க வெட்டறது அந்த துண்டத்தான். வாழை போட்டவங்கள கேட்டு பாருங்க, தார் தள்ளி நிக்கிற வாழைய சாய்க்கறது மழை இல்ல, மழைக்கு முன்னாடி வர்ற அந்த சூறக்காத்துதான், தேனியிலயும் ஈரோட்டுலயும் ஒரே சாயங்காலத்துல தோட்டம் தோட்டமா படுத்துடும். முட்டு கொடுக்கவோ, முத்தின தார முன்னாடியே வெட்டிக்கவோ ஒரு நாள் அவகாசம் கெடைச்சா போதும்ங்கறாங்க. தூத்துக்குடி உப்பளத்துல நல்ல வெயில்தான் சம்பளம், உப்பு வாரற நேரத்துல ஒரு மழை விழுந்தா பாத்தியே கரைஞ்சிடும். ராமநாதபுரத்துல களத்துல காயப்போட்ட மிளகா வத்தல், செங்கல் சூளையில பச்சை கல்லு, எல்லாத்துக்கும் இதே கதை. இன்னொரு பக்கம் அதே மழைக்காக காத்திருக்கறவங்களும் உண்டு, ‘கோடை உழவு கோடி நன்மை’ம்பாங்க, ஒரு நல்ல மழை பெஞ்சு ஈரம் எறங்கினாத்தான் மானாவாரி நெலத்துல ஏர் எறங்கும், ஏற்காட்டுல காபி செடி பூக்கறதே மார்ச் ஏப்ரல்ல வர்ற அந்த மழைய நம்பித்தான். ஒரே மழை ஒருத்தருக்கு நஷ்டம் இன்னொருத்தருக்கு லாபம், அதனால ‘மக்கள் மகிழ்ச்சி’ன்னு எல்லா மழைக்கும் ஒரே தலைப்பு வெக்காதீங்க, அது படிக்கறப்போ உப்பளக்காரருக்கு வயிறு எரியும்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. தெனமும் வர்ற ராசிபலனுக்கு கொடுக்கற எடத்துல பாதி போதும். உங்க பதிப்பு போற மாவட்டத்துக்கு நேத்து அதிகபட்சம், குறைஞ்சபட்சம், இயல்பு, ஈரப்பதம், எல்லாம் செல்சியஸ்ல. மழை எந்த தேதி எட்டரை வரைக்கும் எவ்ளோ சென்டிமீட்டர். நாளைக்கு மழைன்னா ஓரிரு எடமா பல எடமா, காத்து வேகம் எவ்ளோ, என்ன நெறம். கீழ அந்த சதவீத விளக்கம். வாட்ஸ்அப்ல ‘நாளை முதல் சூரியன் பூமிக்கு அருகில் வருகிறது, 50 டிகிரி தொடும்’னு வருஷா வருஷம் சுத்தற குப்பைக்கும் அப்பப்ப ஒரு மறுப்பு போடுங்க, பூமி சூரியனுக்கு கிட்ட வர்றது ஜனவரி ஆரம்பத்துலங்க, ஜூலையிலதான் ரொம்ப தள்ளி போகுது. அத ஃபார்வர்ட் பண்றவங்கள்ல வாத்தியாருங்களும் இருக்காங்கங்கறதுதான் கொடுமை.

அப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த ரெண்டு வாரத்துக்கான நீட்டிக்கப்பட்ட முன்னறிவிப்பு வானிலைத் துறை வெளியிடுது. எந்த வாரம் வெயில் ஏறும், எந்த வாரம் மழை பக்கம் சாயும்னு அதுல ஓரளவு தெரிஞ்சிடும், கல்யாணம், திருவிழா, அறுவடை, வீட்டுக்கு கான்கிரீட் போடறதுன்னு திட்டம் போடறவங்களுக்கு மூணு மாச கண்ணோட்டத்த விட, நாளைக்கு மழையாங்கறத விட, இந்த நடுவுல இருக்கறதுதான் ரொம்ப உபயோகம். சனி ஞாயிறு பதிப்புல ரொம்ப நாளா வானிலை வர்ற பக்கத்துல விளம்பரம் மட்டும்தான் இருக்கு, வெள்ளிக்கிழமை பேப்பர்லயாவது அத சுருக்கமா போட முடியுமான்னு பாருங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்